கடை வெப்சைட்டுக்குத் தெளிவான படங்கள்: 600 ரூபாய்க்குள் நீங்களே செய்வது எப்படி

காசிமேட்டில் எங்கள் சித்தப்பாவுக்கு வலைக்கடை. நைலான் வலை, கயிறு, தக்கை என்று மீன்பிடிச் சாமான்கள் விற்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் வலை பார்க்கிற வேலையெல்லாம் நடக்கும். அதற்குள் கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே நீ, ரெண்டு நாள்ல முடிச்சிடு." நான் படித்தது பி.காம். லேப்டாப் வைத்திருப்பவன் எல்லாம் அவருக்குக் கம்ப்யூட்டர் படித்தவன்தான்.

சைட்டை எப்படியோ அமைத்துவிட்டேன். படங்கள்தான் கழுத்தை அறுத்தன. லோகோ ஈரத்தில் ஊறிய பீடிக்கட்டு லேபிள் மாதிரி இருந்தது. "என்னடா, மீன் ஒரு வாரம் ஐஸ் இல்லாம கெடந்த மாதிரி இருக்கு" என்றார். ஒரு டிசைனரிடம் கேட்டேன், எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்றார். அவர் வேலைக்கு அது நியாயமான கூலியாகவே இருக்கலாம், எங்களிடம்தான் இல்லை. ஒன்றரை மாதம் தட்டித் தடுமாறி நானே கற்றுக்கொண்டேன். நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

1. ஒரிஜினலைத் தேடிப் பிடியுங்கள்

எந்தச் சாஃப்ட்வேரையும் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் இதைக் கடைசியில் செய்ததால்தான் ஒரு மாதம் வீணானது.

எங்கள் லோகோவின் ஜாதகத்தைச் சொல்கிறேன். பெயிண்டர் ஒருவர் தகரப் பலகையில் கையால் வரைந்தது, வலைக்குள் ஒரு வஞ்சிரம். அதை யாரோ போட்டோ எடுத்து பிளெக்ஸ் போட்டார்கள். பிளெக்ஸைப் போட்டோ எடுத்து விசிட்டிங் கார்டு அடித்தார்கள். கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார் சித்தப்பா. அதை நான் வெப்சைட்டில் ஏற்றினேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் போகும். போனது எந்தச் சாஃப்ட்வேராலும் திரும்பாது. பெரிதாக்கிக் காட்டும் ஏஐ கருவிகள்கூட, இல்லாததை ஊகித்துத்தான் நிரப்புகின்றன. ஒன்றில் போட்டுப் பார்த்தேன், மீனுக்கு இமை முளைத்திருந்தது.

ஆகவே பில் புக் அடித்த பிரஸ், கார்டு அடித்த டிடிபி சென்டர், பிளெக்ஸ் கடை என்று பின்னோக்கி நடங்கள். யாராவது ஒருவரிடம் கோரல்டிரா (பிரஸ்களில் டிசைன் போடும் சாஃப்ட்வேர்) ஃபைல் இருக்கும். வெறுங்கையோடு போனால் "சிஸ்டம் ஃபார்மெட் ஆயிடுச்சுங்க" என்ற பதில்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. அடுத்த முறை இரண்டு பில் புக் ஆர்டரோடு போனேன், ஃபைல் கிடைத்துவிட்டது. தேடிக் கொடுத்ததற்கு 200 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன்.

கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: எழுத்தையெல்லாம் கர்வாக (அதாவது வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆகவும் எஸ்விஜி (பெரிதாக்கினாலும் பிசிறாத கோட்டுப்பட வகை) ஆகவும் சேமித்துக் கொடுங்கள். இந்த "கர்வாக மாற்றி" என்பதை விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பிரஸ்களில் பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு உங்கள் லேப்டாப்பில் இல்லையென்றால், கடைப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும்.

வாங்குவதைப் பென்டிரைவிலோ மெயிலிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்தான் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

எதுவுமே கிடைக்கவில்லையா? பலகையில் இருப்பதையோ நல்ல கார்டையோ வைத்துப் புதிதாக வரைந்துவிடலாம். கார்டை ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் 30 ரூபாய் வாங்கினார்கள்.

2. பேப்பர்களை எடுத்து வையுங்கள்

படம் வரைய எதற்குப் பேப்பர் என்று நானும் நினைத்தேன். கடைப் பலகையில் ஒரு எழுத்துக்கூட்டல், பில் புக்கில் வேறு, ஜிஎஸ்டி சான்றிதழில் இன்னொன்று. நான் பலகையைப் பார்த்து முழு லோகோவும் வரைந்து முடித்த பிறகு சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தார் சித்தப்பா. மறுபடி முதலிலிருந்து. ஜிஎஸ்டி சான்றிதழின் ஒரு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் அதில் இருக்கிறபடியே எழுதுங்கள்.

லோகோவை வரைந்தவர் வேறு ஆள் என்றால், "இதைக் கடை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம், உரிமை கடைக்கே" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எங்கள் பெயிண்டர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தோம்.

கூகுளில் தேடி எடுத்த படத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம். தேடலில் வருவதெல்லாம் இலவசம் இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தாலும் அந்தப் படத்தின் கீழே உள்ள உரிமத்தைப் படியுங்கள், சிலவற்றுக்கு எடுத்தவரின் பெயரைப் போட்டே ஆக வேண்டும்.

3. சாஃப்ட்வேர்: காசு வேண்டாம்

இரண்டே இரண்டு போதும். லோகோ, ஐகான், கோட்டுப்படத்துக்கு இங்க்ஸ்கேப். போட்டோவுக்கு கிம்ப். இரண்டும் முழு இலவசம், என் பழைய 4 ஜிபி லேப்டாப்பிலேயே ஓடுகின்றன. இன்ஸ்டால் செய்ய முடியாதவர்கள் பிரவுசரிலேயே ஃபோட்டோபீ திறந்துகொள்ளலாம், விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேன்வா? பண்டிகை வாழ்த்துக்கும் தள்ளுபடி போஸ்டருக்கும் அருமை. லோகோவுக்கு வேண்டாம். இலவசக் கணக்கில் எஸ்விஜி ஆகவும் இறக்க முடியாது, பின்னணி இல்லாமலும் இறக்க முடியாது. அதிலுள்ள ரெடிமேட் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க் ஆகப் பதியவும் முடியாது. அதே மீன் இன்னும் பத்து கடையில் நீந்திக்கொண்டிருக்கும்.

பென்டிரைவில் வரும் "கிராக்" கோரல்டிராவைத் தொடாதீர்கள். என் நண்பன் தொட்டான், லேப்டாப்போடு அவன் அக்கா கல்யாண ஆல்பமும் போனது.

ஒரு மவுஸ் வாங்குங்கள். டச்பேடில் விரலை வைத்து வளைவு வரைவது தண்டனை. நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். டிராயிங் டேப்லெட் எல்லாம் இப்போது தேவையில்லை.

4. லோகோவை வரைவது

நேரம் அதிகம் பிடிப்பதும், பலன் அதிகம் தருவதும் இந்தப் படிதான்.

ஜேபிஜி, பிஎன்ஜி இரண்டும் கோலத்தை எடுத்த போட்டோ மாதிரி. எடுத்த அளவுதான், பெரிதாக்கினால் பிசிறும். எஸ்விஜி என்பது கோல நோட்டு. எங்கே புள்ளி, எந்தக் கோடு எப்படி வளைகிறது என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கிறது. குறிப்பு கையில் இருந்தால் அதே கோலத்தைப் பூஜையறையிலும் போடலாம், தெரு அடைத்தும் போடலாம். லோகோவை எஸ்விஜி ஆக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இங்க்ஸ்கேப் திறந்ததும் முதல் வேலை: டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் போய் அளவுக் குறியீட்டை மில்லிமீட்டரிலிருந்து பிக்சலுக்கு (திரையின் மிகச் சின்னக் கட்டம்) மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எல்லா அளவும் தசமத்தில் அலையும், ஓரங்கள் மங்கும்.

ஸ்கேனை உள்ளே கொண்டுவாருங்கள். "பாத்" மெனுவில் "ட்ரேஸ் பிட்மேப்" என்று ஒன்று இருக்கும். ஒரே கிளிக்கில் படத்தைக் கோடாக மாற்றும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். மாற்றும்தான். எங்கள் மீனை மாற்றிப் பார்த்தேன், 640 புள்ளிகள். வயிறு முழுக்க நடுக்கம், கார்டின் காகிதச் சொரசொரப்பைக்கூட விசுவாசமாக வரைந்து வைத்திருந்தது. கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கும் கையெழுத்துக்கு அது சரி. மற்றதற்குக் கையாலேயே வரையுங்கள்.

ஸ்கேனை ஒரு லேயரில் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) வைத்து, ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத அளவை, 40 சதவீதமாகக் குறைத்து, பூட்டிவிடுங்கள். மேலே புது லேயர். பென் கருவியை எடுத்து, வளைவு எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் புள்ளி வையுங்கள்: மூக்கு நுனி, முதுகின் உச்சி, வயிற்றின் அடி, வால் பிளவு. புள்ளி குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகும். என் மீன் கடைசியில் 14 புள்ளியில் முடிந்தது. முதல் நாள் வரைந்ததைப் பார்த்தால் வஞ்சிரம் மாதிரி இல்லை, வெண்டைக்காய் மாதிரி இருந்தது. நான்காம் நாள் சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அப்புறம் ஒரு நுணுக்கம், இதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே ஒரு பிக்சல் தடிமனில் மெல்லிய கோடு போட்டிருந்தேன். கறுப்புக் கோடு சாம்பல் நிறமாக, தடித்துத் தெரிந்தது. காரணம், கோட்டின் தடிமன் அதன் நடு அச்சிலிருந்து இருபக்கமும் பாதிப் பாதியாகப் பரவும். கோட்டைச் சரியாக 10 என்ற இடத்தில் வைத்தால் 9.5 முதல் 10.5 வரை போகும். திரையில் அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாதே! அதனால் இரண்டு வரிசைப் பிக்சல்களும் ஆளுக்குப் பாதி நிறம் பூசிக்கொள்ளும். கோட்டை 10.5-இல் வையுங்கள், அல்லது தடிமனை 2 ஆக்குங்கள். கத்தி மாதிரி நிற்கும். பெட்டிகளுக்கும் இடம், அகலம், உயரம் எல்லாம் முழு எண்ணில் இருக்கட்டும்.

5. தமிழ் எழுத்து

கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்று நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். நான் எடுத்தது முக்தா மலர்.

ஆங்கிலத்தில் அழகுக்காக எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடுவார்கள். தமிழில் அதைச் செய்யாதீர்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே போய் நிற்கும். ரொம்பத் தடித்த வகையும் வேண்டாம். சின்ன அளவில் "ண", "ஞ" சுழிகள் அடைத்துக்கொண்டு மைப்பொட்டு ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் எழுத்தைப் பாத் ஆக (பிரஸ்ஸில் கர்வ் என்று கேட்டோமே, அதேதான்) மாற்றுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் மாற்றாத ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு மாற்றுங்கள். போன் நம்பரை லோகோவுக்குள்ளேயே எழுதும் பழக்கம் நம் பக்கம் உண்டு, பலகைக்கு அது சரி. வெப்சைட்டில் நம்பரைப் படமாக வைத்தால் யாரும் தொட்டு அழைக்க முடியாது, சாதாரண எழுத்தாகவே போடுங்கள்.

6. சின்ன அளவுக்குத் தனி லோகோ

பிரவுசர் தாவலில் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக வரும் படம் 16 அல்லது 32 பிக்சல்தான். எங்கள் மீனைச் சுற்றி வலை இருக்கிறது என்றேன் அல்லவா? பலகையில் அது அழகு. 32 பிக்சலுக்குச் சுருக்கியபோது வலைக்கண் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மீன் மேல் பூஞ்சை பிடித்த மாதிரி ஆனது.

கோட்டைத் தடிப்பாக்கிப் பார்த்தேன், கண் அடைந்தது. மெலிதாக்கினால் வலையே காணாமல் போனது. கடைசியில் மூன்று லோகோவாகப் பிரித்தேன். பெரியதில் முழு வலை. நடுத்தரத்தில் ஒன்பதே ஒன்பது பெரிய கண். தாவலுக்கு வலையே இல்லாத மீன் மட்டும். "வலை எங்கடா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

7. பொருள்களைப் போட்டோ எடுப்பது

புது கேமரா வேண்டாம். முதலில் போன் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் ஒரு மணி நேரத்தில் படலம் படிந்துவிடும், படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வரும்.

டியூப்லைட்டில் எடுக்காதீர்கள். காலையில் ஷட்டரைத் திறந்து, நேர் வெயில் படாத வாசல் நிழலில் சாமானை வைத்து எடுங்கள். வெள்ளை வலைக்கு நீலச் சார்ட் பேப்பர் பின்னணி, பச்சை வலைக்கு வெள்ளை. ஜூம் செய்யாதீர்கள், கிட்டப் போங்கள். வாட்ஸ்அப் கேமராவில் எடுக்காதீர்கள்.

கிம்பில் வேலை வரிசை முக்கியம்: முதலில் வெட்டுங்கள், பிறகு அளவைச் சுருக்குங்கள், கடைசியில் லேசாக ஷார்ப்பன் (ஓரங்களைக் கூர்மையாக்குவது) செய்யுங்கள். ஷார்ப்பன் செய்துவிட்டுச் சுருக்கினால் செய்தது வீண். அளவு மீறினால் கயிற்றின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒளிவட்டம் மாதிரி தெரியும், அப்போது பின்வாங்குங்கள். ஒரிஜினலை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள். ஜேபிஜி-யைத் திறந்து திருத்தி மறுபடி மறுபடி ஜேபிஜி-யாகவே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் தேயும்.

8. எந்த அளவு, எந்த வகை

"வெப்சைட்டுக்கு 72 டிபிஐ வைக்கணும்" என்று ஒரு அண்ணன் அடித்துச் சொன்னார். நம்பி இரண்டு நாள் போனது. திரைக்கு டிபிஐ கணக்கே இல்லை, எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. இன்றைய போன்களில் ஒரு இடத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு பிக்சல் இருக்கிறது. ஆகவே பக்கத்தில் 400 அகலத்தில் தெரியப்போகும் படத்தை 800 அகலத்தில் செய்யுங்கள். நான் வைத்துக்கொண்ட கணக்கு இது:

லோகோ: எஸ்விஜி. எஸ்விஜி ஏற்காத இடத்துக்கு 480 அகலத்தில் பின்னணி இல்லாத பிஎன்ஜி.
தாவல் ஐகான்: 32×32, ஐபோனுக்கு 180×180, ஆண்ட்ராய்டுக்கு 512×512, எல்லாம் பிஎன்ஜி.
பொருள் படம்: 800×800 ஜேபிஜி, தரம் 80. பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கும்.
முகப்புப் படம்: 1600 அகலம், 200 கேபிக்குள்.
லிங்க்கைப் பகிர்ந்தால் வரும் படம்: 1200×630. இதற்கு எஸ்விஜி செல்லாது. சில இடத்தில் நடுவில் சதுரமாக வெட்டிக் காட்டும், பெயரையும் மீனையும் நடுவிலேயே வையுங்கள்.

எழுத்து, கோடு, ஒரே நிறப் பட்டை உள்ள படத்தை ஜேபிஜி ஆக்காதீர்கள், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கும். கேபி குறைக்க ஸ்குவூஷ் என்ற இலவசத் தளம் இருக்கிறது. இடமும் வலமுமாக வைத்து ஒப்பிட்டுக் காட்டும். வெப்பி வகையில் இறக்கினால் இன்னும் சின்னதாகும், இப்போது எல்லாப் பெரிய பிரவுசரிலும் திறக்கிறது.

பிரஸ் ஃபைலிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் நிறத்தைப் பாருங்கள். அது அச்சு மைக்கான நாலு நிறக் கணக்கில் இருக்கும். அப்படியே ஏற்றினால் சில இடங்களில் நிறம் கண்ணைக் குத்துகிற மாதிரியோ செத்த மாதிரியோ தெரியும். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபி-க்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

9. ஏற்றுவதும் சோதிப்பதும்

ஃபைல் பெயரைச் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் வைத்தால் லிங்க்கை நகலெடுக்கும்போது சதவீதக் குறியாக வரிசை கட்டும்.

புதுப் படத்தை ஏற்றிய பிறகும் பழையதே தெரிகிறதா? பதறி மறுபடி வரைய உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், ராத்திரி ஒரு மணி வரை. பிரவுசர் பழைய படத்தைத் தன்னிடம் சேமித்து வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஃபைல் பெயரில் 2 என்று சேர்த்து ஏற்றி, பக்கத்திலும் அந்தப் புதுப் பெயரையே கொடுங்கள், சரியாகிவிடும்.

உங்கள் போனில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், ஒரு லேப்டாப், மூன்றிலும் பாருங்கள். டார்க் மோட் போட்டும் பாருங்கள். பின்னணி இல்லாத லோகோவில் கறுப்பு எழுத்து இருட்டோடு இருட்டாகிவிடும், அதற்கு வெள்ளை எழுத்தில் ஒரு பிரதி வேண்டும்.

10. செலவும் நேரமும்

பிரஸ் ஃபைல் 200, ஸ்கேன் 30, மவுஸ் 350. ஆக 580 ரூபாய். பில் புக் எப்படியும் அடிக்க வேண்டியது, அதைச் சேர்க்கவில்லை.

ஃபைல் தேட மூன்று நாள் ஒதுக்குங்கள், பிரஸ்காரர் சொல்லும் "நாளைக்கு" இரண்டு தடவை வரும். வரைய நாலு சாயங்காலம். போட்டோவுக்கு ஒரு ஞாயிறு காலை. சுருக்கி ஏற்ற இரண்டு சாயங்காலம். ஃபைலுக்குக் காத்திருக்கும்போதே போட்டோவை எடுத்து, சுருக்கி ஏற்றியும் முடித்துவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கும்.

டிரேட்மார்க் பதிவதை அவசரப்பட்டு இதில் சேர்க்காதீர்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு (பொருள்களைப் பிரித்திருக்கும் வகை) 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. லோகோவை ஆறு மாதம் ஓடவிட்டு, மாற்றமாட்டோம் என்று உறுதியானதும் பாருங்கள். சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் பதிவு உதவும். அது அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு மூன்று இடத்தில் வையுங்கள்: லேப்டாப், கூகுள் டிரைவ், ஒரு பென்டிரைவ். எங்கள் பென்டிரைவ் கடைக் கல்லாவில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. போன வாரம் பிளெக்ஸ் கடைப் பையன் வந்து, "அண்ணே, லோகோவை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று பலகைக்கு நேராகப் போனைத் தூக்கினான். சித்தப்பா எழுந்து கல்லாவைத் திறந்தார்.